மடிக்கணினி திறக்கும்வரை

எங்கள் வீட்டு மடிக்கணினி திறப்பதற்குள் நான் தேநீர் போட்டு, ஆற்றி, கறிபாப் பலகாரத்தைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்து, இரண்டு பேரும் குடித்தே முடித்துவிடலாம். மிகைப்படுத்தவில்லை. என் கணவர் மாலையில் மஃரிபு தொழுதுவிட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதன் பொத்தானை அழுத்துவார். முதலில் ஒரு முனகல் கேட்கும். அப்புறம் விசிறி சுற்றும் சத்தம். பிறகு கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும். சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். ஒருவழியாகக் கடவுச்சொல் கேட்டு, அதைப் போட்டால் மறுபடியும் ஒரு சுற்று. படம் தெரிந்துவிட்டதே என்று அவசரப்பட்டு எதையாவது தொட்டால் போச்சு, அப்படியே உறைந்து நின்றுவிடும்.

வேறு யாராக இருந்தாலும் அதைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். நான் அதற்குத் தினமும் துணி எடுத்துத் தூசி துடைத்து வைத்தேன். காரணம் இருந்தது.

என் கணவர் வீட்டில் பேசுகிற ஆள் இல்லை. தேக்காவில் ஒரு கார்கோ கடையில் வேலை பார்க்கிறார். இங்கே வேலைக்கு வந்து ஊருக்குச் சாமான் அனுப்பும் தொழிலாளத் தம்பிகளின் பெட்டிகளை எடை போடுவது, டேப் சுற்றிக் கட்டுவது, முகவரி அடித்து ஒட்டுவது, இதுதான் நாள் முழுக்க. அங்கே அவர் பேசாத பேச்சு கிடையாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். "அண்ணன் ஜோக்கடிச்சே பெட்டியக் கட்டிருவாரு" என்று ஒரு தம்பி என்னிடமே சொன்னான். அந்த அண்ணனை நான் பார்த்ததில்லை. டோபி காட் நிலையத்தில் ரயில் மாறி ஈசூனில் இருக்கும் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் பேச்செல்லாம் வழியில் கொட்டிப் போய்விடும் போலிருக்கிறது. வீட்டுக்கு வருபவர் "ம்" என்பார், "சரி" என்பார், "உப்பு" என்பார்.

நானோ பாலர் பள்ளியில் தமிழ் ஆசிரியை. நாள் முழுக்க என் இடுப்புயரம்கூட இல்லாத ஆட்களோடு பேசிவிட்டு வருகிறவள். எனக்குப் பெரியவர்களோடு பேசும் பேச்சு கொஞ்சமாவது வேண்டும். மகள் கூட இருந்தவரை கவலையில்லை, அவள் வாய் ஓயாது. கல்யாணமாகி புக்கிட் பாத்தோக்குக்குப் போனபின், எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்க ஆரம்பித்தது.

இந்த நிலையில்தான் மடிக்கணினி கிழடு தட்டி எனக்கு உதவிக்கு வந்தது. புள்ளிகள் சுற்றும் நேரத்தில் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. எதிரே நான் தேநீரோடு உட்கார்ந்திருப்பேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்ப்பார், அப்புறம் என்னைப் பார்ப்பார், அப்புறம் மெல்ல ஆரம்பிப்பார். "இன்னக்கி ஒருத்தன் வந்தான் பாரு…"

கப்பல் பட்டறையில் வேலை செய்யும் ஒருவன் அம்மாவுக்கும் மாமியாருக்கும் ஒரே மாதிரி இரண்டு பெட்டி கட்டினானாம். நிறுத்துப் பார்த்தால் மாமியார் பெட்டி சற்றே கனம். தெரிந்தால் வீட்டில் பிரளயம்தான் என்று பதறி, கட்டிய டேப்பைக் கிழித்து, ஒரு சோப்பை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனானாம். இன்னொருவன் ஊரில் புதுவீடு கட்டுகிறான், கதவுக்குப் பிடி மட்டும் இங்கிருந்துதான் போக வேண்டும் என்று பிடிவாதம். எந்தக் கதவு என்று கேட்டால் இன்னும் சுவரே எழும்பவில்லையாம். இதையெல்லாம் சொல்லும்போது என் கணவரின் கைகள் பெட்டி கட்டும், எடை போடும், டேப்பை இழுத்துப் பல்லுக்குக் கொடுக்கும். நான் சிரித்து மேசையில் தேநீரைச் சிந்துவேன். பிறகு கணினி திறந்துகொள்ளும். அவ்வளவுதான். கிரிக்கெட், செய்தி, பள்ளிவாசல் வேலை என்று உள்ளே இறங்கினால் ஆள் வெளியே வருவது இரவு இஷா தொழுகைக்குத்தான்.

எனக்கு அது போதுமாக இருந்தது. ஒரு நாளைக்கு ஒரு தேநீர் அளவு கணவர்.

மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், ஏதோ பார்க்க வேண்டும் என்று அதைத் திறக்கப் போய்ப் பொறுமை இழந்தாள். "அத்தா, டெய்லி இதுலயா உக்காந்திருக்கீங்க? ஹார்ட் டிஸ்க்தான் ப்ராப்ளம். எஸ்எஸ்டின்னு புது டிஸ்க் மாத்துனா புதுசு மாதிரி ஓடும் லா. நானே செஞ்சு தர்றேன், ஈசி."

"இப்ப என்ன அவசரம்?" என்றேன் நான், அடுப்படியிலிருந்து.

அவள் அதோடு விடவில்லை. வரும்போதெல்லாம் கேட்டாள். நானும் விடாமல் ஒன்று மாற்றி ஒன்று சொன்னேன். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோனால் என்ன செய்வது? நோன்பு வருகிறது, அத்தாவுக்குப் பள்ளிவாசல் வேலை இருக்கிறது, அது முடியட்டும். ஓடுகிற பொருளை ஏன் பிரிக்க வேண்டும்? கடைசியாகச் சொன்னதைக் கேட்டு மகள் என்னை உற்றுப் பார்த்தாள். "அம்மா, இது ஓடுதா? வாட் இஸ் யோர் ப்ராப்ளம்?"

என்னவென்று சொல்வது? உன் அத்தா என்னோடு பேசுகிற நேரமே அதுதான், அதைப் பிடுங்காதே என்று பெற்ற மகளிடம் எந்த வாயால் சொல்வது? இந்த வயதில் புருஷன் பேச்சுக்கு ஏங்குகிறாள் என்று அவள் சிரித்துவிட்டால் எனக்குத் தாங்காது. சிரிக்காமல் பாவமாகப் பார்த்தால் அதைவிடக் கஷ்டம்.

ஆனால் கணினியே என்னைக் கைவிட்டது. ஒரு மாலை அதன் வயிற்றுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் வந்தது. கணவர் காதை வைத்துக் கேட்டார். மகளைத் தொலைபேசியில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தார். அவள் அலறினாள். "ஆஃப் பண்ணுங்க, ஆஃப் பண்ணுங்க! டிஸ்க் சாகப்போகுது. என் சின்ன வயசு போட்டோ எல்லாம் அதுலதான் இருக்கு." அதற்குமேல் நான் என்ன சொல்ல முடியும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலில் எங்கள் சாப்பாட்டு மேசை அறுவை அரங்கமானது. மகள் சிம் லிம் கணினிக் கடைகள் பக்கம் போய்ப் புது டிஸ்கும், பழையதைப் போட்டுக் கணினியோடு இணைக்க ஓர் உறையும், குட்டித் திருப்புளியும் வாங்கிவந்திருந்தாள். கைப்பேசியில் யாரோ செய்துகாட்டும் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டாள். அவள் அத்தா விளக்கடித்தார். அடிப்பக்கத்துத் திருகாணிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், கலந்துவிட்டால் வம்பு. மகள் எழுந்து போய் என் இட்லித் தட்டை எடுத்துவந்தாள். மேல்மூலைத் திருகாணி மேல்குழியில், நடுத் திருகாணி நடுக்குழியில் என்று வரிசையாகப் போட்டு வைத்தாள்.

"ஏன்டி, நாளைக்கு அதுல நான் இட்லி ஊத்தணும்."

"கழுவிக்கலாம் லா."

மூடியைப் பெயர்த்ததும் உள்ளே கம்பளி மாதிரித் தூசி. ஓரத்தில் இருந்த பழைய டிஸ்கை அவள் பக்கவாட்டில் இழுத்துக் கழற்றி என் கையில் கொடுத்தாள். சின்னதுதான், ஆனால் கனமாக இருந்தது. புதியது அதே அளவில், பிஸ்கட் மாதிரி லேசாக இருந்தது. நான் பழையதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். இந்த மந்தமான பொருள்தான் இத்தனை நாளாக என் கணவரின் வாயைத் திறந்து வைத்தது என்று நினைத்தபோது எனக்கு அதன்மேல் உண்மையாகவே பாசம் வந்தது. மகள் அதை வாங்கி உறைக்குள் போட்டாள்.

புதிதாக எல்லாவற்றையும் ஏற்றி, பழைய டிஸ்கிலிருந்து கோப்புகளையும் படங்களையும் எடுத்து உள்ளே போட்டு முடிக்க அஸர் தொழுகை நேரம் தாண்டிவிட்டது. "எல்லாத்தையும் காப்பி பண்ணியாச்சு. ஒண்ணும் மிஸ் ஆகல" என்றாள். பிறகு அத்தாவைப் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அவர் அழுத்தினார். விரலை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. முனகலும் இல்லை, சுற்றலும் இல்லை.

"அட!" என்றார். அணைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் "அட!" மகள் கை தட்டினாள். நானும் தட்டினேன், தட்டாமல் இருந்தால் கேட்பாளே. அவள் போகும்போது பழைய டிஸ்கையும் பையில் போட்டுக்கொண்டாள். சாகிற டிஸ்க், தன்னிடமே பத்திரமாக இருக்கட்டும் என்றாள்.

மறுநாள் மாலை நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் அதற்குள் உள்ளே போய்விட்டார். திரையின் வெளிச்சம் மூக்குக் கண்ணாடியில் தெரிகிறது. தேநீரை வைத்தேன். "கடையில இன்னக்கிக் கூட்டமா?"

"ம்."

"யாராச்சும் வந்தாங்களா?"

"ம்."

கிணற்றில் போட்ட கல்தான். அதற்கடுத்த நாளும் அப்படி. தேநீரைச் சீக்கிரமே போட்டு வைத்துப் பார்த்தேன். வேண்டுமென்றே தாமதமாகப் போட்டும் பார்த்தேன். குவளையை டொக்கென்று வைத்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, என்ன தப்பு செய்தோம் என்று யோசிப்பவர் மாதிரிக் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, மறுபடியும் திரைக்குள் குனிந்துகொண்டார். ஒரு மாலை வைஃபை பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். கை அதுவரை போய்விட்டது. சீ, இது என்ன கேவலம் என்று இழுத்துக்கொண்டேன்.

கோபம் அவர்மேல் மட்டுமில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது, அது ஒவ்வொரு மாலையும் கொஞ்சம் பெரிதானது. இத்தனை நாள் அவர் என்னோடு பேசியது என்னோடு பேச வேண்டும் என்றா? அல்லது வேறு பொழுதுபோக்கு இன்னும் திறக்கவில்லை என்பதாலா? பேருந்து வரும்வரை பக்கத்தில் நிற்பவரோடு பேசுவதில்லையா, அந்தப் பேச்சா? நான் சிரித்ததெல்லாம் என்னை வைத்து நேரம் போக்கியதற்கா? இதைக் கேட்டுவிடலாம். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்றுதான் கேட்கவில்லை.

நோன்பு நெருங்கியது. எங்கள் பள்ளிவாசலில் நோன்பு மாதம் முழுக்கக் கஞ்சி காய்ச்சுவார்கள். யார் எந்த நாளில் வெங்காயம் உரிக்க வர வேண்டும், யார் கஞ்சியை ஊற்றிக் கொடுக்க வேண்டும் என்று தொண்டூழியர்களுக்கான அறிவிப்பை ஆண்டுதோறும் தமிழில் அடித்துக் கொடுப்பவர் என் கணவர். போன ஆண்டுக் கோப்பைத் திறந்து, பெயர்களையும் நாட்களையும் மாற்றி அச்செடுத்து விடுவார். இந்த ஆண்டும் மறுநாள் காலை கொடுக்க வேண்டும் என்று ஒரு மாலை அந்தக் கோப்பைத் திறந்தார்.

"இங்க வாயேன்" என்றார். குரல் சரியில்லை.

போய்ப் பார்த்தேன். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள். ஆனால் ஆங்கிலம் இல்லை, ஒரு சொல்லையும் வாசிக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் அரைப்புள்ளி. இன்னொரு கோப்பைத் திறந்தார், அதுவும் அப்படியே. கஞ்சி அறிவிப்பு, மீலாது விழா நிகழ்ச்சி, மகள் கல்யாணத்துக்கு அவரே எழுதிய அழைப்பு, எல்லாம் அரைப்புள்ளி. அவர் முகம் இறங்கிவிட்டது. "எல்லாம் போச்சு போல" என்றார்.

மகளைத் தொலைபேசியில் பிடித்தோம். அவள் கேட்டவுடனே "அய்யோ, ஃபாண்ட்!" என்றாள். அவள் தலைமுறை தமிழைக் கைப்பேசியில் ஆங்கில உச்சரிப்பில் தட்டினால் அது தானே தமிழாகிவிடும். என் கணவர் பழைய ஆள். கார்கோ கடையில் பல ஆண்டுகளுக்குமுன் யாரோ போட்டுக்கொடுத்த ஒரு பழைய எழுத்துருவில்தான் இன்னும் அடிக்கிறார். அதில் கணினிக்குத் தெரிவதெல்லாம் ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடும். மகள் கோப்புகளை எல்லாம் பொறுக்கி எடுத்தாள், சட்டையை விட்டுவிட்டாள்.

"ஒண்ணும் போகல அத்தா, பயப்படாதீங்க. ஃபாண்ட் பழைய டிஸ்க்ல இருக்கு. ஆபீஸ் லேப்டாப்புல வெளி டிஸ்க் மாட்டக் கூடாது, அதனால இங்கேருந்து அனுப்ப முடியாது. நானே கொண்டாறேன். இப்பவே கெளம்பறேன்."

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஈசூனுக்கு ஒரே ரயில்தான், ஆனால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மடிக்கணினி திறந்தபடி மேசையில் கிடந்தது. அதில் அவருக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கிரிக்கெட் பார்க்கும் மனநிலையும் இல்லை. நான் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தேன். குவளையைச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"திங்கக்கிழம ஒருத்தன் வந்தான் பாரு…"

புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பியாம். மகளுக்குப் பெரிய பொம்மை ஒன்று வாங்கிவந்தான். பெட்டிக்குள் அடங்கவில்லை, கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. முழங்காலை மடக்கிவிடலாமே என்றதற்கு, "வேணாம்ணே, கால மடக்குனா இந்தப் புள்ள அழும், அங்க போய்ச் சேர நாளாகும்ல" என்றானாம். பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போட்டு, கால்கள் வெளியே நீட்டியிருக்க, அதைச் சுற்றி இன்னோர் அட்டை வைத்துக் கட்டினாராம். கணவரின் கைகள் மேசைமேல் அந்தப் பொம்மையைப் படுக்க வைத்துக் கட்டிக்கொண்டிருந்தன. நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"மெஷின் ஓடல. அதான் இப்ப என் ஞாபகம் வந்துச்சு."

கைகள் நின்றன. "என்ன சொல்ற?"

"உண்மையத்தான் சொல்றேன். அது ஓடுனா நான் யாரு, நீங்க யாரு? அது தொறக்கற வரைக்கும் பேசறதுக்கு ஒரு ஆள் வேணும். எதுத்தாப்புல நான் இருந்தேன். அவ்வளவுதானே?"

அவர் வாயைத் திறந்தார். அழைப்பு மணி அடித்தது.

மகள் வியர்த்து விறுவிறுத்து வந்தாள். டிஸ்க் உறையைக் கணினியில் மாட்டி, எதையோ தேடி எடுத்து, இரண்டு முறை சொடுக்கினாள். கோப்பை மூடித் திறந்தாள். அரைப்புள்ளிகள் போய்விட்டன. அஸ்ஸலாமு அலைக்கும், அன்பார்ந்த தொண்டூழியர்களே என்று தமிழ் வந்து நின்றது. "சாரி அத்தா" என்று அவர் தோளைக் கட்டிக்கொண்டாள். சோறு சாப்பிட்டாள். எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மாப்பிள்ளை கீழே காரில் வந்ததும் போய்விட்டாள்.

அவர் மேசையில் உட்கார்ந்தார். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். இனி என்ன, எல்லாம் சரியாகிவிட்டது, அறிவிப்பை அடிப்பார், அப்படியே கிரிக்கெட்டுக்குப் போவார் என்று குழாயைத் திறந்துவிட்டேன். சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இருந்தது. சொன்னதே நல்லது என்றும் இருந்தது. நான் தட்டுகளை வேகமாகவே கழுவினேன்.

மடிக்கணினியை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் அடுப்படி வாசலில் நின்றார்.

"அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா?" என்றேன், திரும்பாமல்.

"இல்ல. காலையில சுபுஹு தொழுதுட்டு அடிச்சிருவேன். அதான் டக்குனு தொறக்குதே." அப்படியே நின்றார். "நீ சொன்னது தப்பு."

நான் தட்டைக் கழுவினேன்.

"கடையில எவன் எதக் கொண்டாந்தாலும், இத வீட்டுல போய்ச் சொல்லணும்னுதான் மொதல்ல தோணும். ரயில்லயே எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டு வருவேன். முன்னாடி அது சுத்திக்கிட்டுக் கெடக்கும், பேச்சு தானா வந்துரும். இப்ப பட்டுனு தொறந்துருதா, எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. நீ வேற குவளைய டொக்குனு வைக்கற. கோவமா இருக்கான்னு நானும் பேசாம இருந்துட்டேன்." கதவு நிலையில் கை வைத்துக்கொண்டார். "எல்லாம் சேந்து கெடக்கு. இன்னும் வெளிய போகல."

ரயிலில் தொங்கிக்கொண்டு, எனக்குச் சொல்வதற்காக ஒரு மனிதர் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார், நான் அவரைச் சந்தேகப்பட்டுக் குவளையை டொக்கு டொக்கென்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். கல்யாணமாகி இத்தனை ஆண்டுகளில் அவர் என்னிடம் சொன்னதில் இதைவிட ஆசையான பேச்சு எனக்கு நினைவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. குழாயை மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். அவரும் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"எதுலேர்ந்து சொல்ல?" என்றார்.

"டிஸ்க்க மாத்துன மறுநாள்லேர்ந்து சொல்லுங்க" என்றேன். "ஒண்ணு விடாம."